பள்ளத்தில் பெல்லினி: பக்ஸ்டன் பயணக் குறிப்புகள்

புதன்

மான்செஸ்டர் பிக்கடில்லி நிலையத்திலிருந்து இங்கிலாந்தின் டெர்பிஷயர் மலைப்பகுதியில் உள்ள பக்ஸ்டனுக்கு ரயிலில் ஒரு மணி நேரம். ஸ்டாக்போர்ட்டில் ஏறும் எனக்கு அதைவிடவும் குறைவு. ஹேசல் குரோவ் வரை இரு பக்கமும் வீடுகள்தான். அதற்குப் பிறகு பாதை மலையேறுகிறது. சாந்து பூசாமல் கல்மேல் கல் அடுக்கிய சுவர்கள் புல்வெளிகளைப் பிரிக்கத் தொடங்குகின்றன. டவ் ஹோல்ஸ் பக்கம் வந்ததும் சுண்ணாம்புக்கல் குவாரிகள். இறங்கியவுடன் திரும்பிப் பார்க்க வேண்டியது ரயில் நிலையத்தின் முகப்புச் சுவரை. 1863-ல் கட்டிய நிலையம். விரித்த விசிறி வடிவத்தில் ஒரு மாபெரும் கண்ணாடி ஜன்னல். இதே போல் ஒன்று பக்கத்திலேயே இரட்டையாக இருந்ததாம், இப்போது இது மட்டும்தான் மிச்சம்.

ஊர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 300 மீட்டர் உயரம். ஜூலையிலும் ஸ்வெட்டர் வேண்டும், குடையும் வேண்டும். இந்த மலையூரில் 1979 முதல் கோடையில் ஆப்பரா விழா நடக்கிறது. ஆப்பரா என்றால் பாட்டாலேயே நடக்கும் மேடை நாடகம். இந்த ஆண்டு, 2023-ல், விழாவின் பெரிய ஆப்பரா இத்தாலிய இசையமைப்பாளர் பெல்லினியின் 'லா சொன்னாம்புலா'. தூக்கத்தில் நடக்கும் பெண்ணின் கதை. வாசிப்பது நார்தர்ன் சேம்பர் ஆர்கெஸ்ட்ரா என்ற சிறிய வாத்தியக் குழு. 1967-ல் மான்செஸ்டரில் தொடங்கிய குழு. இதற்கு முன்பும் பல ஆண்டுகள் இந்த விழாவின் வீட்டுக் குழு போலவே இருந்திருக்கிறது.

எங்கள் தெருவில் வசிக்கும் வயோலாக் கலைஞர் ஒருவர் இந்தக் கோடையில் அவர்களோடு வாசிக்கிறார். வயோலா, வயலினைவிடச் சற்றுப் பெரிய தந்தி வாத்தியம். "ஆப்பராவை மட்டும் பார்த்துவிட்டுப் போய்விடாதீர்கள், பகலில் நாங்கள் செய்வதையும் வந்து பாருங்கள்" என்று அவர் சொன்னார். அதனால்தான் ஞாயிறு வரை லீவு போட்டேன்.

மாலையில் ஒத்திகை முடிந்ததும் அவர் என்னை உள்ளே அழைத்துப்போனார். பக்ஸ்டன் ஆப்பரா ஹவுஸ் 1903-ல் கட்டடக் கலைஞர் பிராங்க் மாட்சம் கட்டியது. வெளியே இரண்டு சிறு குவிமாடங்கள், உள்ளே பொன்பூச்சு, சுதை வேலை, நீலமும் கிரீமும். சுமார் 900 இருக்கைகள். பெயர்தான் ஆப்பரா ஹவுஸ். மாட்சம் கட்டியபோது இதில் ஆர்கெஸ்ட்ரா உட்காரப் பள்ளமே இல்லை. பிறகு பல ஆண்டுகள் சினிமாக் கொட்டகையாக ஓடியது. 1979-ல் விழாவுக்காகக் கட்டடத்தைச் சீரமைத்தபோதுதான் மேடைக்கு முன்னால் தோண்டிப் பள்ளம் அமைத்தார்கள். கட்டி முக்கால் நூற்றாண்டு கழித்துத்தான் பெயருக்கேற்ற வேலை அதற்குக் கிடைத்தது. முதல் ஆண்டில் அரங்கேறியது தோனிசெட்டியின் 'லூச்சியா' என்ற ஆப்பரா.

அந்தப் பள்ளத்தில் இறங்கி நின்றேன். இடம் மிகக் குறைவு. வயோலாக்காரர் வில்லை முழுவதும் இழுத்தால் பக்கத்து இசைத்தாள் ஸ்டாண்டில் இடிக்கும். நாற்காலியைக் கொஞ்சம் கோணலாகப் போட்டுக்கொள்கிறார். ஸ்டாண்டுக்கு ஒரு குட்டி விளக்கு. வெளிச்சம் தாளைத் தாண்டாதபடி மூடி. பித்தளை வாத்தியங்களுக்கு முன்னால் உட்காருகிறவர்கள் காதில் அடைப்பான் வைத்துக்கொள்கிறார்கள். என்னைக் கவர்ந்தது அவருடைய இசைத்தாள். பென்சிலில் குறிப்புகள் மொய்த்துக் கிடந்தன. மேலே வில், கீழே வில், 'பாடகியைக் கவனி' என்பதற்கு ஒரு மூக்குக் கண்ணாடிப் படம். அதிகம் தெரிந்த குறி ஒரு சிறு காற்புள்ளி. பாடகி மூச்சு வாங்கும் இடம் அது. அந்த நேரத்துக்கு முப்பது சொச்சம் பேரும் அவளோடு சேர்ந்து நிற்க வேண்டும்.

பாடகர்கள் பல வாரங்கள் வெறும் பியானோவோடு பயிற்சி செய்கிறார்கள். ஆர்கெஸ்ட்ரா கடைசியில்தான் வந்து சேர்கிறது. பெரும்பாலும் எல்லாரும் மாதச் சம்பளம் இல்லாதவர்கள். மூன்று மணி நேரம் ஓர் அமர்வு, அமர்வுக்கு இவ்வளவு என்று கணக்கு. இன்று இங்கே, அடுத்த வாரம் வேறொரு குழுவில். அப்படி இருந்தும் ஒரே ஆள் மூச்சு விடுவதுபோல் வாசிக்க வேண்டியிருக்கிறது. அதற்காகத்தான் அந்தக் காற்புள்ளிகள்.

வியாழன்

காலையில் புனித ஆன் கிணற்றுக்குப் போனேன். வெண்கலச் சிங்க வாயிலிருந்து நாள் முழுக்க, ஆண்டு முழுக்க, சுமார் 27 டிகிரி வெதுவெதுப்போடு தண்ணீர் கொட்டுகிறது. யார் வேண்டுமானாலும் பிடித்துக்கொண்டு போகலாம், காசு இல்லை. ஐந்து காலன் பிளாஸ்டிக் கேன்களோடு ஒரு வரிசை. இந்தத் தண்ணீர் மழையாக விழுந்து சுமார் 5,000 ஆண்டுகள் ஆகின்றனவாம், அவ்வளவு காலமும் பாறைக்குள்ளேயே சுற்றிவிட்டு மேலே வருகிறது. ரோமானியர்கள் இதற்காகவே இங்கே ஊர் அமைத்தார்கள். எதிரே கிரசென்ட், 1780-களில் டெவன்ஷயர் பிரபு கட்டிய பிறை வடிவ மாளிகை. செலவுக்குப் பணம் அவருடைய எக்டன் செப்புச் சுரங்கத்திலிருந்து வந்தது.

கிணற்றுக்கு மேலே பூப்பலகை வைத்திருந்தார்கள். டெர்பிஷயர் ஊர்களுக்கே உரிய வழக்கம் இது. பக்ஸ்டனில் 1840-ல் தொடங்கியது. சந்தைத் திடலுக்குப் பிரபு குழாய்த் தண்ணீர் கொண்டுவந்ததற்கு நன்றி சொல்ல ஊர் மக்கள் நீர்நிலையை அலங்கரித்தார்கள். பக்கத்தில் நின்று பார்த்தேன். மரப்பலகையில் ஆணிகள் அடித்து, அதன்மேல் உப்புக் கலந்த ஈரக் களிமண் அப்பியிருக்கிறார்கள். ஆணி மண்ணைப் பிடித்துக்கொள்கிறது, உப்பு ஈரத்தைப் பிடித்துக்கொள்கிறது. படத்தின் கோடுகளை விதைகளால் போட்டுவிட்டு, உள்ளே ஒவ்வொரு இதழாக அழுத்துகிறார்கள். கீழிருந்து மேலே போக வேண்டும். ஓடு வேய்வது போல ஒன்றின் நுனி மற்றொன்றின்மேல் விழுந்தால்தான் மழைத் தண்ணீர் வழிந்தோடும். பலநாள் வேலை, ஒரு வாரத்தில் வாடிவிடும். அதைப் பற்றி யாரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

மதியம் ஊர் எல்லையில் ஒரு முதியோர் இல்லம். ஆர்கெஸ்ட்ராவிலிருந்து நான்கு பேர்: இரண்டு வயலின், ஒரு வயோலா, ஒரு செல்லோ (உட்கார்ந்து கால்களுக்கு நடுவே நிறுத்தி வாசிக்கும் பெரிய தந்தி வாத்தியம்). இரவு பள்ளத்தில் முகம் தெரியாமல் உட்காருகிறவர்கள், இங்கே நாற்காலிகளுக்கு நடுவே ஓர் அடி தூரத்தில். இசையமைப்பாளர் ஹைடன் எழுதியது கொஞ்சம், பிறகு ஆப்பராவிலிருந்து ஊர்மக்கள் பேயைப் பற்றிப் பாடும் சேர்ந்திசையை நால்வருக்குச் சுருக்கியது. வாசிக்கும் முன்னால் வயலின்காரர் கதையைச் சொன்னார். இரவில் வெள்ளை உருவம் ஒன்று ஊருக்குள் நடமாடுகிறது, அது உறக்கத்தில் நடக்கும் அமீனா என்று யாருக்கும் தெரியாது, பேய் என்று நம்பி நடுங்குகிறார்கள். உடனே ஓர் அம்மையார் கையை உயர்த்தித் தன் அக்காவும் தூக்கத்தில் நடப்பாள் என்றார். ஒருமுறை தெரு முனை வரை போய்விட்டாளாம். அதற்குப் பிறகு ஆளுக்கொரு கதை. கால் மணி நேரம் வாத்தியங்கள் மடியிலேயே இருந்தன. கலைஞர்கள் அவசரப்படவில்லை; கேட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தப் பேச்சுக்குப் பிறகு வாசித்தபோது கூடம் முழுவதும் கதைக்குள் வந்துவிட்டிருந்தது.

என் பக்கத்தில் இருந்தவர் குவாரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வெடிச் சத்தத்தில் ஒரு காது போய்விட்டது என்றார். நல்ல காதை செல்லோப் பக்கம் திருப்பி உட்கார்ந்திருந்தார். நான் எந்த ஊர் என்று கேட்டவர், சென்னை என்றதும் கிரிக்கெட்டுக்குத் தாவினார். 1975 ஜூன் 2-ஆம் தேதி பக்ஸ்டன் மைதானத்தில் பனி பெய்து ஆட்டம் நின்றதே, தெரியுமா? தெரியும் என்றேன், பள்ளிக்கூட நாட்களில் வினாடி வினாவில் கேட்பார்கள். சனிக்கிழமை வெயிலில் லங்காஷயர் 5 விக்கெட்டுக்கு 477, கிளைவ் லாயிட் ஆட்டமிழக்காமல் 167. திங்கட்கிழமை மைதானம் வெள்ளை. செவ்வாய்க்கிழமை ஈரம் காயும் ஆடுகளத்தில் டெர்பிஷயர் 42-க்கும் 87-க்கும் சுருண்டது. எண்களை ஒரு தடவைகூட யோசிக்காமல் சொன்னார். சனிக்கிழமை லாயிட் அடித்த பந்துகள் எந்தப் பக்கத்து மரங்களுக்குள் போயின என்று கைநீட்டிக் காட்டினார். பிறகு, செல்லோக்காரப் பெண் போகும்போது அவளிடம் ஒரே ஒரு கேள்வி: "நாளைக்கு இரவும் இதே வாத்தியம்தானா?" ஆமாம் என்றாள். "அப்படியானால் அதை மழையில் நனைய விடாதே" என்றார்.

வெள்ளி

முதல் பாதி நாள் பெவிலியன் கார்டன்ஸ் பூங்காவில் கழிந்தது, எழுத ஒன்றும் இல்லை. மாலைக்கு வருகிறேன்.

'லா சொன்னாம்புலா' 1831 மார்ச் 6-ஆம் தேதி மிலானில் அரங்கேறியது. பெல்லினிக்கு அப்போது 29 வயது. 33 வயதிலேயே இறந்துவிட்டார். கதை சுவிட்சர்லாந்தில் ஒரு மலைக்கிராமம். ஆலைக்கார தெரேசா வளர்த்த அநாதைப் பெண் அமீனாவுக்கும் எல்வீனோவுக்கும் நிச்சயம். அன்றிரவே அவள் தூக்கத்தில் நடந்து, சத்திரத்தில் தங்கியிருக்கும் பிரபுவின் அறைக்குப் போய்விடுகிறாள். ஊரே பார்க்கிறது. எல்வீனோ மோதிரத்தைப் பிடுங்கிக்கொள்கிறான். அவள் பேச்சை நம்ப ஒரே ஒருத்தி, தெரேசா.

பெல்லினியின் ஆர்கெஸ்ட்ரா எழுத்தைப் பெரிய கிட்டார் என்று இகழ்ந்தவர்கள் உண்டு. பாட்டுக்குக் கீழே தந்திகள் டொம் டொம் என்று மீட்டிக்கொண்டிருக்கும், வேறு வேலை இல்லை என்பது குற்றச்சாட்டு. இசைத்தட்டில், பெரிய அரங்குகளின் பெரிய ஆர்கெஸ்ட்ராக்களில் கேட்டபோது எனக்கும் அந்தக் குற்றச்சாட்டில் நியாயம் இருப்பதாகவே பட்டிருக்கிறது. இன்றைக்கு அந்த எண்ணம் அடியோடு போய்விட்டது. 900 பேர் அரங்கம், முப்பது சொச்சம் வாத்தியம். தந்தி மீட்டும் ஒவ்வொரு தட்டும் தனியாகக் கேட்கிறது, அவற்றுக்கு நடுவே இருக்கும் இடைவெளியும் கேட்கிறது. அந்த இடைவெளியில்தான் பாட்டு நிற்கிறது. நல்ல பக்கவாத்தியக்காரர் பாடகர் நிரவலில் இருக்கும்போது கையை அடக்கிக்கொள்வாரே, அந்த அடக்கம். எழுத்தில் குறை இல்லை. அதைத் தவறான அளவில் வாசித்து வந்திருக்கிறார்கள்.

இசை நடத்துநர் ஏட்ரியன் கெல்லி. என் இருக்கை மாடியில் பக்கவாட்டில், அங்கிருந்து பள்ளம் பாதி தெரிகிறது. மேடையைப் பார்த்ததில் பாதி நேரம் அவர் இடது கையைப் பார்த்தேன். பாடகி ஒரு ஸ்வரத்தை நீட்டும்போதெல்லாம் அந்தக் கை காற்றில் அசையாமல் நிற்கும். வயோலாக்கள் வில்லைத் தந்தியிலேயே வைத்துக் காத்திருக்கும். அவள் இறங்கியதும் கை கீழே வரும். புதனன்று பார்த்த பென்சில் காற்புள்ளிகள் ஒவ்வொன்றும் இப்போது காதுக்குத் தெரிந்தன.

கடைசிக் காட்சி. ஆப்பராவின் பாடல் நூலில் உள்ளபடி அமீனா தூக்கத்திலேயே ஆலைச் சக்கரத்துக்கு மேலே உள்ள பாலத்தில் நடந்து வர வேண்டும். ஊர் மூச்சடக்கிப் பார்க்கிறது. அவள்மேல் பழி சொன்ன அதே ஊர். கீழே வந்ததும், எல்வீனோ எப்போதோ கொடுத்த பூக்கள் வாடிக் கிடப்பதைப் பார்த்துப் பாடுகிறாள். 'ஆ, நோன் க்ரேதேயா மிரார்த்தி.' இவ்வளவு சீக்கிரம் நீ வாடுவாய் என்று நினைக்கவில்லையே, ஒரே நாள் இருந்த அந்தக் காதலைப் போல நீயும் போய்விட்டாயே என்று பூவிடம் சொல்கிறாள். கத்தானியாவில் பெல்லினியின் கல்லறையில் இந்த வரியைத்தான் பொறித்திருக்கிறார்கள். ராகம் நீண்டுகொண்டே போகிறது, திரும்பி வருவதே இல்லை. அடுத்த அடியில் முடியும் என்று நினைத்தால் இன்னொரு படி இறங்குகிறது. நடுவில் எல்வீனோ தாங்க முடியாமல் ஒரு வரி பாடுகிறான். அதன்பிறகு ஒரு செல்லோ அவளோடு சேர்கிறது. முதியோர் இல்லத்தில் நனைய விடாதே என்று அந்தப் பெரியவர் சொன்ன அதே செல்லோதானா என்று மாடியிலிருந்து எட்டிப் பார்த்தேன், முன்வரிசையில் அவள்தான் உட்கார்ந்திருந்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. பக்கத்தில் இருந்த தம்பதியும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள்.

எல்வீனோ மோதிரத்தைத் திரும்பப் போட்டுவிடுகிறான், அவள் விழிக்கிறாள், கொண்டாட்டப் பாட்டு. இத்தனை சுலபமாக அவனை மன்னித்தது எனக்குச் சம்மதமில்லை. ஊரைப் பற்றியும் அவள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் அந்தப் பாட்டைப் பாடுகிறவளிடம் போய் வாதாட முடியாது.

சனி

திருவிழா ஊர்வலம். லாரிகளில் அலங்காரம், பித்தளைக் குழுக்கள், குழந்தைகள் வேஷம். மழை தூறியது, யாரும் கலையவில்லை. நேற்றிரவு வாசித்த ஹார்ன்காரர்கள் இருவரை நடைபாதையில் பார்த்தேன். ஊர்க்காரர் ஒருவர் அவர்களைத் தோளில் தட்டி இரண்டாம் பாதியில் நன்றாக வாசித்தீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். லண்டன் ஆர்கெஸ்ட்ராக்காரர் யாரையும் தெருவில் அடையாளம் கண்டு இப்படிச் சொல்லிவிட முடியாது.

மாலையில் டெவன்ஷயர் குவிமாடம். முதலில் பிரபுவின் குதிரை லாயம், பிறகு மருத்துவமனை, இன்று டெர்பி பல்கலைக்கழகம். 1880-81-ல் எழுப்பிய இரும்புக் குவிமாடத்தின் விட்டம் சுமார் 44 மீட்டர், லண்டன் செயின்ட் பால் பேராலயத்தினுடையதைவிடப் பெரிது. நடுவில் நின்று கை தட்டினால் ஒலி மேலே போய்ப் பல தடவை திரும்பி விழுகிறது. முதல் உலகப் போர்க் காலத்தில், 1915-ல், இங்கே தொண்டர் செவிலியாக வேலை பார்த்தவர் வேரா பிரிட்டன். பக்ஸ்டனில் வளர்ந்தவர், பின்னாளில் பெயர் பெற்ற எழுத்தாளர். அவரைப் பற்றிய இசை நாடகம் ஒன்றும் இந்த ஆண்டு விழாவில் இருக்கிறது. அவருடைய தம்பி எட்வர்ட் வயலின் வாசிப்பவர். 1918 ஜூன் 15-ஆம் தேதி இத்தாலியில் அசியாகோ பீடபூமியில் கொல்லப்பட்டார், 22 வயது. இந்த ஊரில் கோடைக்குக் கோடை இத்தனை வயலின்கள் ஒலிக்கின்றன. அந்தப் பையனின் பெயரையும் யாராவது நிகழ்ச்சிநிரலில் ஓர் ஓரத்தில் போடலாம்.

ஞாயிறு

பிற்பகலில் தேவாலயக் கூடம் ஒன்றில் குழந்தைகளுக்கான நிகழ்ச்சி, இலவசம். தந்திக் கலைஞர்கள் பன்னிரண்டு பேர். நடத்துநர் இல்லை. சேம்பர் ஆர்கெஸ்ட்ரா என்பதன் முழுப் பொருளை அறிய இதைத்தான் பார்க்க வேண்டும். முதல் வயலின்காரர் மூக்கால் மூச்சை உள்ளே இழுக்கிறார், வில் கொஞ்சம் உயர்கிறது, அவ்வளவுதான். பன்னிரண்டு வில்களும் ஒன்றாகத் தந்தியைத் தொடுகின்றன. எல்லாரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டே வாசிக்கிறார்கள். இரண்டாம் வயலின் அவசரப்பட்டால், தந்தி வாத்தியங்களிலேயே பெரிய டபுள் பேஸை வாசிப்பவர் புருவத்தை உயர்த்தி நிறுத்துகிறார்.

வாசித்தது ஆங்கில இசையமைப்பாளர் எல்கர் தந்தி வாத்தியங்களுக்காக எழுதிய 'செரினேட்', 1892-ல் முடித்தது. குழந்தைகளை எதிரில் உட்கார வைக்கவில்லை. கலைஞர்களுக்கு நடுநடுவே தரையில் பாய் போட்டு உட்கார வைத்திருந்தார்கள். மெதுவான இரண்டாம் பகுதியின்போது ஒரு சிறுமி, ஆறு வயது இருக்கும், டபுள் பேஸின் அடியில் நகர்ந்துபோய் அதன் மரத்தில் காதை வைத்தாள். வாசிக்கிறவர் குனிந்து பார்த்தார், தலையசைத்தார், வில்லின் அழுத்தத்தைக் கொஞ்சம் கூட்டினார். அவளுக்கு மட்டும். பக்கத்தில் இருந்த செல்லோ அதைக் கவனித்துத் தானும் கொஞ்சம் ஏறியது, பிறகு வயோலா. அரை நிமிடம் பன்னிரண்டு பேரும் ஒரு குழந்தைக்காக வாசித்தார்கள். எழுதிய தாளில் அப்படி ஒரு குறி இல்லை, நான் பிறகு போய்ப் பார்த்தேன்.

நூறு பேர் குழுவில் இது நடக்காது. நடத்துநர் கையில்லாமல் யாரும் எதையும் மாற்றமாட்டார்கள், மாற்றவும் கூடாது. ஒருவர் அசைந்தால் எல்லாரும் அறியும் அளவுக்குச் சிறியதாக இருப்பதால்தான் இவர்களால் வெள்ளி இரவு அந்தப் பாடகியின் மூச்சைப் பிடிக்க முடிந்தது. முதியோர் இல்லத்தில் கால் மணி நேரம் வில்லைத் தொடாமல் கதை கேட்டவர்களும் இவர்கள்தான். எனக்கு இரண்டும் ஒரே வேலையாகத்தான் தெரிகிறது. இப்படிப்பட்ட குழுக்களுக்கு நிதி குறையும்போது முதலில் வெட்டுவது பகல் வேலையைத்தான், பள்ளிக்கும் முதியோருக்கும் போவதை. அதை வெட்டினால் இரவு வேலையும் காலப்போக்கில் தேய்ந்துவிடும் என்பது என் உறுதியான கருத்து.

வயோலாக்காரர் வாத்தியத்தைப் பெட்டியில் வைக்கும்போது அடுத்த வார நிரலைச் சொன்னார். ஆப்பரா மீண்டும் சில இரவுகள், நடுவில் ஒரு பள்ளிக்கூடம், ஒரு கச்சேரி. விழா முடிந்ததும் கொஞ்சம் ஓய்வு, பிறகு இலையுதிர்காலத்தில் மாக்கல்ஸ்ஃபீல்டில் அவர்களுடைய சொந்தக் கச்சேரித் தொடர். அது ஸ்டாக்போர்ட்டிலிருந்து ரயிலில் சிறிது நேரம்தான், கட்டாயம் போவேன்.

வர நினைப்பவர்களுக்கு: மேல்மாடி டிக்கெட் போதும். ஒலி அங்கே குறைவதில்லை, பக்கவாட்டில் வாங்கினால் பள்ளமும் தெரியும். ஆப்பரா முடியும் நேரத்தையும் மான்செஸ்டருக்குக் கடைசி ரயிலையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு அறை எடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்யுங்கள். காலிப் பாட்டில் ஒன்று கொண்டு வாருங்கள், கிணற்றுத் தண்ணீர் அருமையாக இருக்கிறது.